பிலிப்பு நீட்டிய கை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. நியூசிலாந்தில் மகள் ஜெஸி வீட்டுக்குப் போய்வந்த பிலிப்புவிடம், ஒரு பயணக் கட்டுரைக்காகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். மனிதர் மனசைக் கொட்டிவிட்டார்.

கடல் நீலமாக (வேண்டாம். எல்லாக் கடலும் நீலம்தான்.)

பாறையில் அலை மோத, பிலிப்பு தன் (இதுவும் வேண்டாம். கடலைப் பார்த்தது சாயங்காலம்தான். அதுவும் பார்த்தும் பார்க்காத மாதிரி.)

2

அன்று காலையில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் கடலோர ஊர் ஒன்றில், விருந்தினரை வரவேற்கும் முற்றத்துக்குப் பிலிப்பு போயிருந்தார். அங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது முதலில் மலை, பிறகு ஆறு, பிறகு பெற்றோர். கடைசியில்தான் தன் பேர். வரவேற்கிறவர்கள் பக்கம் மருமகன் தமிழ்வேந்தன் நின்றிருந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்.

"என் மலை கல்வராயன். என் ஆறு கோமுகி. என் அப்பா சின்னக்கண்ணு" என்றார்.

பிலிப்புவுக்குச் சுருக்கென்றது. 'மலைக்காரப் பையன்' என்று மகள் கல்யாணத்துக்கே போகாதவர் அவர்.

[அடிக்குறிப்பு: கச்சிராயபாளையத்தில் இவர் வீட்டு மாடியில் நின்றால் அதே மலை தெரியும். ஒருநாளும் ஏறியதில்லை.]

டீக்கடையில் பிலிப்பு சொன்னது: "சின்னக்கண்ணு கல்யாணம் பேச பலாப்பழத்த தோள்ல தூக்கிக்கினு வந்தாருங்க. கேட்டுலயே நிக்க வச்சி அனுப்பிட்டேன். வூட்டுக்குள்ள வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. இப்ப அவரு இல்ல."

3

மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்வது அங்கே மரியாதை. பிலிப்பு வரிசையில் முன்பின் தெரியாத எல்லோரோடும் அப்படி மூக்கும் நெற்றியும் வைத்தார். கடைசியில் மருமகன். அவர் முகத்தை முன்னே கொண்டுவந்தார்.

முடிவு ஒன்று: பிலிப்பு நெற்றியை வைத்து அழுகிறார். (எழுதிப் பார்த்தேன். பொய்.)

நடந்தது: பிலிப்பு கையை நீட்டினார். மருமகன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா. உள்ள வாங்க" என்றார்.

4

"அவமானமாப் போச்சுங்க. கதையிலயாவது நெத்திய வச்சிட்டேன்னு எழுதுங்க சார்."

எனக்கு அவர்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன. அப்படி எழுதினால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அதற்கா எழுதுவது?

சின்னக்கண்ணுவின் மனைவி ராஜாம்பாள் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கிறார். வெள்ளிமலை பஸ் எதிரிலேயே நிற்கிறது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பிலிப்பு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, பஸ்ஸைப் பார்த்து

(இதற்குமேல் எழுத மாட்டேன். ஏற்றிவிடுவது உங்கள் பாடு. அந்த வாசலில் இவரை உள்ளே கூப்பிடுவார்களா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.)