இடது பக்கம் மட்டும்

ஏழாவது ஆட்டத்திலும் தோற்றபின் வந்த திங்கட்கிழமை மதியம், கோச் வோஸ் எங்களை வகுப்பறையில் உட்காரவைத்தார். வழக்கமாகத் தோல்வியின் வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அன்று விளக்கைக்கூட அணைக்கவில்லை. மேசை விளிம்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களால எது நல்லா முடியும்? ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொய் மட்டும் வேணாம்."

அமெரிக்கக் கால்பந்தில், பந்து எங்கள் கையில் இருக்கும்போது களமிறங்கும் பதினொரு பேர் நாங்கள். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த சின்னக் கல்லூரி அது. பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத பையன்கள்தான் அங்கே வந்து சேர்வோம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். எங்களிடம் அது தங்கியதே இல்லை. ஏழு ஆட்டத்தில் மூன்றே முறைதான் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தோம். முடியாமல்போய் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பவனுக்குத்தான் அணியிலேயே அதிக வேலை.

எதிரணியை மறித்துத் தள்ளும் முன்வரிசையில் வலது பக்கம் நிற்கும் ரட் முதலில் எழுந்தான். "நான் கீழ விழமாட்டேன் கோச். யாரையும் தள்ளவும் மாட்டேன். ஆனா விழமாட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். கோச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பந்தோடு ஓடும் குவின்சி, "எனக்குப் பயம் கிடையாது. வேகமும் கிடையாது," என்றான். அடுத்தது, அதே முன்வரிசையில் நிற்கும் நான்.

"இடது பக்கமா தள்ளுவேன் கோச். வலது பக்கம் திரும்பினா முட்டி பிடிச்சுக்குது. ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமாவா? ஏன்டா பெல்ஸர், சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

கடைசியாக ஆன்சன் லிண்ட். பந்தை வாங்கித் தூரத்தில் ஓடுபவனுக்கு எறிய வேண்டியவன் அவன்தான். உயரம், தோள், முகம் எல்லாம் சுவரொட்டிக்கு எடுத்தது போல இருக்கும். எறிந்த பந்து மட்டும் ஐந்து கெஜம் முன்னாலேயே தரையில் விழும். "முப்பது கெஜத்துக்கு மேல எறிய வராது கோச்," என்றான்.

"அது முடியாதது. முடியறத சொல்லு."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "நான் யாரையும் திட்டமாட்டேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போகிறவன் ஒவ்வொருவனும் ஆன்சனைத்தான் மண்ணில் சாய்ப்பான். அவன் எழுந்து வந்து என் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் புல்லைத் தட்டிவிட்டு, "அடுத்தது பாத்துக்கலாம் மச்சான்," என்பான். ஒரு முறைகூட அவன் குரல் உயர்ந்ததில்லை.

கோச் வோஸ் இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருந்த தடித்த திட்டப் புத்தகத்தை மூடினார். "இந்த வாரம் எல்லாமே இடது பக்கம். பெல்ஸர் தள்ளுவான். குவின்சி அவன் முதுகை ஒட்டியே ஓடுவான். ஆன்சன், பந்தைக் குவின்சிகிட்ட கொடுத்துட்டு, நின்னுபோன வண்டியத் தள்ற மாதிரி பின்னாலேர்ந்து அவனத் தள்ளு."

"எறியறது?"

"இல்லப்பா."

ஆன்சன் தலையாட்டினான். உடை மாற்றும் அறையில்தான் என்னிடம் சொன்னான்: "எங்கப்பா அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாருடா, நான் எறியறதப் பாக்க."

"ஃபோன் பண்ணி சொல்லிடு."

"என்னன்னு சொல்றது?"

அவன் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் ஆட்டம் பார்க்க அவன் அப்பா வந்துவிட்டார். மேற்கே வயல்களில் நீர் பாய்ச்சும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மனிதர், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. வேலியோரம் என்னைப் பிடித்து, கை நிறையச் சூரியகாந்தி விதை கொடுத்து, "அவனுக்கு எறியக் கொஞ்சம் நேரம் கெடைக்கற மாதிரி மறிச்சு நில்லு தம்பி. நல்லா எறிவான்," என்றார். விதையை அப்படியே ரட்டிடம் கொடுத்துவிட்டேன்.

எதிரணிக்காரர்கள் எங்களைவிடப் பெரியவர்கள். ஆனாலும் நாங்கள் இடது பக்கம் போனோம். மூன்று கெஜம், நான்கு கெஜம், மறுபடி மூன்று. அரை மணி நேரத்தில் மைதானத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மிளகாய் பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த கூட்டம், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு "இடது! இடது!" என்று கத்த ஆரம்பித்தது. என் எதிரே நின்ற தாடிக்காரன் மூச்சிரைக்கக் கேட்டான். "திரும்பவும் இங்கதானா?"

"ஆமாண்ணே, மன்னிச்சுக்குங்க."

நிஜமாகவே மன்னிப்புதான் கேட்டேன். தள்ளவும் செய்தேன்.

ஆட்டம் முடிய மூன்று விநாடி. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். எல்லைக்கோட்டுக்கு இரண்டே கெஜம்; தாண்டினால் ஆறு புள்ளி. கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்.

"அத்தன பேரும் இடது பக்கம் குவிஞ்சு நிக்கறானுங்க. வலது மூலை காலி. பத்து கெஜம் எறிஞ்சா போதும் ஆன்சன். எறியறியா?"

ஆன்சன் பார்வையாளர் வரிசையைப் பார்த்தான். அவன் அப்பா எழுந்து நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எறியணும்னா அவனுங்கள மூணு செகண்ட் தடுத்து நிறுத்தணும் கோச். இன்னிக்கு நம்மால அது ஆகாது." பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "ரெண்டு கெஜந்தானே. பெல்ஸர் இருக்கான்."

அதுவரை என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

பந்து அசைந்ததும் தாடிக்காரனின் மார்பில் தோளைக் கொடுத்தேன். குவின்சியின் கை என் முதுகைப் பற்றியது. அவனுக்கும் பின்னாலிருந்து ஒரு கனம் வந்து மோதியது. அது ஆன்சன். மூன்று பேரும் ஓருடலாக நகர்ந்தோம், சரிந்தோம். மேலே பத்துப் பேர் வந்து விழுந்தார்கள். வெளிச்சம் போய்விட்டது. வாயில் புல்லும் மண்ணும். எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு என் முகத்தில் ஒட்டியிருந்தது. நாங்கள் அதைத் தாண்டியிருக்கிறோமா, அதன்மேல் கிடக்கிறோமா என்று தெரியவில்லை.

எங்கோ மேலே ஆன்சனின் குரல் நசுங்கிக் கேட்டது. "மச்சான், அப்பா பாத்திருப்பாரா?"

"உன் ஷூகூடத் தெரிஞ்சிருக்காதுடா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு குவின்சி வழியாக என் முதுகுக்கு வந்து குலுங்கியது. எனக்கு அடியில் கிடந்த தாடிக்காரனும் காரணமே தெரியாமல் சிரித்தான். வெளியே சத்தமே இல்லை. பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்க, நடுவர்கள் எங்கள் மேலிருந்து ஒவ்வொரு ஆளாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் எழும்போதும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்தது.