மூச்சு மாஸ்டரின் வக்கீல்

கிழக்குத் தாம்பரம் பூங்காவில் விடிகாலையில் தேவானந்தம் மூச்சை இழுத்தால் இருபது பேர் இழுப்பார்கள். அவர் விடச் சொன்னால்தான் விடுவார்கள். முன்பெல்லாம் ரயில்வே மேம்பாலம் ஏறுவதற்குள் அங்கங்கே நின்று இளைத்த மனிதர், இந்த 2008-இல் பனியன் முதுகில் ‘மூச்சு மாஸ்டர்’ என்று அச்சடித்துக்கொண்டு, “ஆஸ்துமாவை வெறும் மூச்சாலயே விரட்டினவன் நான்” என்று மார்தட்டுகிறார்.

விரட்டியது என்னவோ ஓர் ஊசி. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஆஸ்துமாவுக்கென்று புதிதாக வந்திருந்த உயிரியல் மருந்து. ஒவ்வாமை கிளம்பும் இடத்திலேயே அதை மடக்கிப் போடுவது. மாதாமாதம் அதைப் போட்டுக்கொள்ளப் போகும்போதெல்லாம், “நிலத் தகராறு, வக்கீலைப் பார்க்கணும்” என்று தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பி வந்ததும் மனைவி ஹில்டா கேட்பாள்: “வக்கீல் இன்னைக்கு எந்தக் கையில குத்தினாருங்க?”

அன்று மூச்சை அடக்கும் பயிற்சி. செருப்புக் கடை அப்துல் கஃபார் பாதியிலேயே பெஞ்சில் சரிந்தார். நெஞ்சு விசிலடித்தது.

“பாய், உங்க இன்ஹேலர் எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன் மாஸ்டர்... மூச்சுதான் மருந்துன்னு... நீங்கதான சொன்னீங்க.”

ஊசி போட்டாலும் இன்ஹேலர் கூடவே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. தேவானந்தத்தின் இன்ஹேலர் கால்சட்டைப் பையில், கைக்குட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தது. எடுத்தால் மாஸ்டர் பட்டம் போய்விடும். எடுக்காவிட்டால் கஃபார் போய்விடுவார். பாயின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும் பட்டம் தானாகக் கழன்று விழுந்தது. எடுத்தார், குலுக்கினார், பாயின் வாயில் வைத்து அழுத்தினார். கையோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்.

மதியம் கஃபார் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். “உங்க மூச்சு முறை நல்லாத்தான் வேலை செய்யுது மாஸ்டர். எந்த மெடிக்கல்ல கெடைக்கும்?”

கஃபார் வீடு திரும்பிய பிறகு கூடிய முதல் வகுப்பில் தேவானந்தம் சாதாரணச் சட்டையோடு வந்து நின்றார். வழக்கம்போல மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“எனக்கு மாசாமாசம் ஊசி. பையில இன்ஹேலர். பயிற்சி நல்லதுதான், ஆனா அது மருந்துக்குப் பதில் ஆகாது. டாக்டரைக் கேக்காம யாரும் எதையும் நிறுத்தாதீங்க. மருந்து எடுத்துக்கறது அவமானமில்ல. அதை மறைச்சுப் பெருமை பேசி, ஒரு மனுஷனைச் சாகக் கிடத்துனேனே, அதுதான் அவமானம்.”

புது இன்ஹேலரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகியிருந்த கஃபார் கையைத் தூக்கினார்.

“அதெல்லாம் சரி மாஸ்டர். எல்லாரும் இழுத்துப் புடிச்சிகினு நிக்கறாங்க. விடச் சொல்லுங்க.”