கழுவிய பிறகும் தாங்குமா?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல; ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் தங்கையிடமிருந்து பிடுங்கியது. "இந்த வாரம் என்னடி விசேஷம்?" என்று ஃபோனில் கேட்டேன். "நல்லா வந்த ரிசல்ட்டைக் கெடுத்துப் பார்க்கப் போறேன், அக்கா" என்றாள். உடனே பேனாவைத் தேடினேன்.

முதல் வரி: பால், தாய்மையைப் போலவே வெண்மையான— (அடித்துவிட்டேன். தாய்மை வெள்ளையாக இருக்காது. பிள்ளை பெற்றுத் துணி துவைத்தவர்களுக்குத் தெரியும்.)

இரண்டாவது: அவள் தட்டை எடுத்தாள். இது போதும்.

2

தட்டில் குடல் செல்கள். ஒற்றை அடுக்காக, ஒன்றோடொன்று தைத்ததுபோல் வளர்ந்திருக்கின்றன.* நச்சை ஊற்றினால் தையல் விட்டுப்போகும். பாலிலிருந்து பிரித்த ஒரு புரதத்தை முதலில் ஊற்றி, அதன்பின் நச்சை ஊற்றினாள். தையல் விடவில்லை. மறுபடி செய்தபோதும் விடவில்லை. புரதம் குடற்சுவரை வலுவாக்குகிறது என்று பேராசிரியர் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார்.

அவளுக்குத்தான் உறுத்தல். புரதம் தட்டிலேயே மிதந்துகொண்டிருந்ததே. நச்சு செல்லைத் தொடும் முன்பே புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால்? புரதத்தைக் கழுவி எடுத்துவிட்டு நச்சை ஊற்றிப் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் கட்டுரையின் தலைப்பே போச்சு.

"உன்னை யாரும் கேக்கலையேம்மா," என்றார் பேராசிரியர்.

"இன்னும் கேக்கலை, சார்."

[* தையல் உவமை அவளுடையது. எழுதுகிறவள் நான், எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமைதான்.]

3

இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. கைக்கு வந்த வெற்றியை இவ்வளவு நிம்மதியாக ஒருத்தி பணயம் வைப்பாளா? 'இரவெல்லாம் புரண்டு படுத்தாள்' என்று எழுதி அவளுக்கே அனுப்பினேன்.

"குறட்டை விட்டுத் தூங்கினேன். சந்தேகம்னா என் புருஷனைக் கேளு."

சரி, வாசகராவது உருகட்டும் என்று, வயிற்றுப்போக்கில் துவண்ட ஒரு குழந்தையைக் கொண்டுவந்தேன்.

[இங்கே அந்தக் குழந்தை இருந்தது.]

"தூக்கிடு, அக்கா. தட்டுல நடந்தது வயித்துல நடக்குமான்னு எனக்கே தெரியாது. யாராவது படிச்சிட்டு புரதப் பவுடர் டப்பா வாங்கக் கிளம்பிடுவாங்க."

"கதைதானேடி?"

"குழந்தை கதையில இருக்கும். டப்பா கடையில இருக்கும்."

தூக்கிவிட்டேன்.

4

ஒரு முடிவு: தாங்கின. மீட்டரில் எண் ஏறி நிற்கிறது. பேராசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் நாற்காலியிலேயே அவளை உட்காரவைக்கிறார். ஆய்வுக்கூடமே கூடிக் கைதட்டுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம், அம்மாவின் முகம் மாதிரியே—

இன்னொரு முடிவு: தாங்கவில்லை. வேறு தலைப்பு தேடுகிறார்கள்.

இன்று மதியம், கழுவிய செல்கள்மேல் நச்சை ஊற்றி, காத்திருந்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் தட்டில் முக்கினாள். தையல் கெட்டியாக இருந்தால் மின்சாரம் எளிதில் கசியாது, மின்தடையைக் காட்டும் எண் ஏறும். விட்டிருந்தால் இறங்கும்.

ஃபோன் வந்தது.

"வந்திருச்சு, அக்கா." வாயில் சாப்பாடு.

"எது?"

"நீ எதை எழுதி வச்சிருக்கே?"

"ரெண்டையும்."

"படி."

படித்தேன். மறுமுனையில் மெல்லுவது நின்றது.

"முதல் முடிவுக்கு நாற்காலி, கைதட்டல், அம்மா முகம் எல்லாம் குடுத்திருக்கே. ரெண்டாவதுக்கு ரெண்டே வரி."

"அதுக்கென்ன?"

"அதுக்காகத்தான் கழுவினேன்," என்று சிரித்தாள்.

அப்புறம் எண்ணையும் சொன்னாள். நான் எழுதப் போவதில்லை. இரண்டில் எந்த முடிவு உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ, நச்சை முதலில் அதன்மேல் ஊற்றிப் பாருங்கள்.