தறிச்சத்தத்தில் ஒரு ரகசியம்

ஒன்பதாம் வகுப்பு வித்யா ஊறுகாய் திருடுகிறாள் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தபோது அவள் அம்மா மஞ்சுளா முதலில் சிரித்துவிட்டாள். பேனா, பென்சில் என்றால் திட்டலாம். அடுத்த பிள்ளைகளின் டப்பாவில் ஊறுகாயை மட்டும் வழிப்பவளை என்ன சொல்லித் திட்டுவது? மனநல ஆலோசகர் விசாரிக்கப் போகிறார் என்றதும்தான் சிரிப்பு நின்றது. கணவர் குமாரசாமி இறந்து எட்டு மாதம். அப்பன் போனதில் பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ?

ஆலோசகர் மலர்விழி சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை குமாரபாளையம் வருகிறவர். பள்ளியில் அவருக்கு விளையாட்டுச் சாமான் அறையைக் கொடுத்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மெல்லப் பேச வராது. வித்யா "வணக்கம் மிஸ்" என்றதற்கு ஏழாம் வகுப்பே எழுந்து வணக்கம் சொன்னது.

ஆகவே அவர் வித்யாவைக் கூட்டிக்கொண்டு மஞ்சுளா வேலை செய்யும் தறிப்பட்டறைக்கே வந்துவிட்டார். உள்ளே இருந்த இரைச்சலைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"இங்கயே பேசிக்கிறோம்மா. யாருக்கும் ஒண்ணும் கேக்காது," என்று மஞ்சுளாவின் காதில் கத்திவிட்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார். வித்யா அவருக்கு எதிரே, தறிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கேட்காதுதான். ஆனால் பட்டறையில் யார் காதால் கேட்டார்கள்? உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பவர்கள் அவர்கள்.

பக்கத்துத் தறி பூவாத்தாள் உதட்டை அசைத்தாள். "லவ்வாத்தான் இருக்கும்."

"வாய மூடுக்கா."

"மூடிட்டா நான் பேசறது உனக்கு எப்படித் தெரியும்?"

மகளின் உதடு 'அப்பா' என்றது. அதற்குள் மலர்விழியின் தலை குறுக்கே வந்து மறைத்தது. மஞ்சுளா எம்பினாள். முடியவில்லை. கோடித் தறி அங்கமுத்துவிடம் கையால் கேட்டாள்.

"உப்பாம்," என்றார் அவர் ஓசையில்லாமல்.

"என்ன உப்பு?"

"சோத்துல உப்பே இல்லியாமா."

குமாரசாமிக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து, அவர் முன்னால் ருசியாகத் தின்னக் கூடாதென்று வீடே பத்தியச் சோறு தின்றது. அவர் போன பிறகும் மஞ்சுளாவின் கை உப்பு ஜாடிப் பக்கம் போகவில்லை.

மலர்விழியின் தலை விலக, மகளின் உதடு மறுபடி தெரிந்தது. "அம்மாகிட்டச் சொன்னா அழுகும் மிஸ். அது இன்னும் அப்பாவுக்கேதான் ஆக்கிட்டிருக்குது."

மஞ்சுளாவின் தறி ஊடை நூல் தீர்ந்து வெறுமனே ஓடியது. அதை நிறுத்தினாள். இனி நடப்பதை விடக் கூடாதென்று பூவாத்தாளும் நிறுத்தினாள். அங்கமுத்துவும் மற்றவர்களும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் மலர்விழியின் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"பயப்படாத வித்யா, அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது!"

யாரும் சிரிக்கவில்லை. பூவாத்தாள் மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஏன் சாமி," என்றாள் மஞ்சுளா, "நாங்க பாத்துட்டிருக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியாமயா இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தேன்?"

"எட்டு மாசமா மண்ணத் தின்னாப்புல தின்னயே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீயுந்தான தின்ன."

"எனக்கு ருசி எங்க தெரிஞ்சுது?"

அன்று சாயங்காலம் ரசம் கொதித்தபோது மஞ்சுளா அடுப்பைவிட்டுத் தள்ளி நின்று, "நீயே போடு சாமி," என்றாள். வித்யா எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து, இருவரும் அதைச் சட்டி காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.