கிளட்சை மிதித்தால்

சனிக்கிழமை காலை எழுந்ததும் நெவில் காரைக் கழுவ ஆரம்பித்தான். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கிவைக்கிற துணிக்கூரை. எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருடம் வாங்கியது. பத்து மணிக்கு லீட்ஸிலிருந்து பிளெங்கின் என்று ஒருவர் அதை வாங்க வருவதாக இருந்தார். சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டைக் குளிப்பாட்டுகிறவன் போல, அதன் முகத்தைப் பார்க்காமல் சக்கரங்களை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தான். சமையலறை ஜன்னலருகே நின்ற என் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நவம்பரில் அவனுக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது, இடது கால் முக்கால்வாசி திரும்பியது. மார்ச்சில் டாக்டரம்மா எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, தாராளமாகக் கார் ஓட்டலாம் என்றார். மறுநாளே கிளம்பினோம். பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றி வந்தோம். வழியில் எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்ப, எதிர் வண்டிகளுக்காக நடுச்சாலையில் காத்திருந்தபோதுதான் அது நடந்தது. கிளட்ச் மிதிபட்டிருந்தது. என்ஜின் ஒரு இருமல் இருமி அணைந்தது. சாவியைத் திருப்பினான், வந்தது, மிதித்தான், போய்விட்டது. பால் லாரி ஒன்று அலறிக்கொண்டே வந்து ஒரு முழம் தள்ளி நின்றது. நெவில் குனிந்து தன் இடது காலையே பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். அன்றோடு சரி.

பழைய கார் கிளப் நண்பன் டிரெவர் போனில் விசாரித்தபோது நெவில், "வாஷர் போயிடுச்சுப்பா, என்ஜினையே இறக்கணும், யாரால ஆகும்" என்றான். என்ஜினுக்குள் சுழலும் தண்டு முன்னே பின்னே நகராமல் பிடித்திருக்கிற வாஷர் அது. அது போனால் இந்தக் கார்க்காரர்களுக்கு என்ஜினே போன மாதிரி. டிரெவரும் துக்கம் விசாரிக்கிற குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஆனால் சாப்பிடும்போது மேசைக்கு அடியில் நெவிலின் இடது செருப்பு தரையை மெல்ல அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். நாக்கில் ருசியில்லாமல் மென்றுகொண்டே அவன் தன் காலைச் சோதித்துக்கொண்டிருப்பான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார் போனால் போகட்டும், இரும்புதானே. ஆனால் இந்த மனிதன் வாய் திறந்து பேசுவது அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான். காரை விற்றுவிட்டு எதிரெதிர் சோபாவில் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெளியே போனேன்.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"முப்பத்தஞ்சு வருஷமா மேப்பையும் பிளாஸ்க்கையும் மடியில வச்சிக்கிட்டு அந்தப் பக்கமே உக்காந்தாச்சு. விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது இந்தப் பக்கம் உக்காந்து பாக்கறேன்."

எங்கள் கிளப்பில் அதுதான் வழக்கம். ஆண்கள் ஓட்டுவார்கள், பெண்கள் வழி சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவார்கள். நெவில் ஈரக் கையோடு சாவியைக் கொடுத்தான். ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடாகும்வரை காத்திருந்து, குளிர்ந்த என்ஜினை வேகமாக ஓடவைக்கிற சோக்கை உள்ளே தள்ளினேன். நிதானமாக, பூனை உறுமுவது போல ஓடியது. கேட் வரைக்குமாவது ஓட்டலாம் என்று கிளட்சை மிதித்தேன். ஒரு இருமல். அமைதி.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மிதித்தேன். அமைதி.

"நெவில்! எனக்கும் செத்துப்போச்சு!"

அவன் கையிலிருந்த ஸ்பாஞ்ச் அப்படியே நின்றது. "நீ சரியா மிதிச்சிருக்க மாட்ட."

"என் காலுக்கு என்னய்யா கேடு? போன வாரம்தான் மலை ஏறிட்டு வந்தேன்."

"கியர்ல கிடக்கா?"

"நியூட்ரல்."

"கால் நழுவிச்சா?"

"நழுவல. முழுசா, அடிவரைக்கும் மிதிச்சேன். செத்துப்போச்சு."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது. வாளியைத் தள்ளிவிட்டு, காரின் மூக்குக்கு முன்னால் ஈரத் தரையில் குப்புறப் படுத்தான். எழுந்திருக்க எவ்வளவு சிரமம் என்று யோசிக்காமல் அவன் எதையும் செய்து மாதங்களாகியிருந்தன.

"மிதி," என்றான். "விடு. மிதி. விடு." தண்டின் முனையிலிருக்கும் பெல்ட் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாஷர் போயிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அது முன்னும் பின்னும் ஆடும்.

"அசையவே இல்ல ஹேசல். முடியளவுகூட அசையல. வாஷர் கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ ஏன் அணையுது?"

கதவைப் பிடித்து எழுந்து வந்தான். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, என் தோளுக்கு மேலே எட்டி என்ஜின் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தான். "ஐநூறுக்கும் கீழ ஓடுது. எந்த முட்டாள் இதை இவ்வளவு இறக்கி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"அந்த முட்டாளை எனக்குத் தெரியும்," என்றேன். "போன அக்டோபர்ல பப் முற்றத்துல என்ஜின் மேல காச நிக்கவச்சு ஆட்டம் காட்டிச்சே, அது."

அது அவர்களுடைய பெரிய வீரம். என்ஜினை ஓடவிட்டு, அதன் மூடிமேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார்கள். யாருடைய நாணயம் கடைசிவரை விழாமல் நிற்கிறதோ அவனுக்கு மற்றவர்கள் பீர் வாங்கித் தருவார்கள். என்ஜின் அதிராமலிருந்தால் ஜெயிக்கலாம் என்று, கார் நிற்கும்போது அது ஓடும் வேகத்தை நெவில் மற்றவர்களுக்குத் தெரியாமல் இறக்கிவைத்தான், ஜெயித்தான், குடித்தான். குடித்தபின் என்னை ஓட்டச் சொல்லாமல் காரை டிரெவரின் வேனில் கட்டி இழுத்து வந்தான். நவம்பரில் எல்லாம் மறந்துபோயிற்று. கிளட்சை மிதித்தால் அந்தத் தண்டின் மேல் ஒரு பாரம் விழும், வேகம் கொஞ்சம் குறையும். இந்தக் கார்களுக்கு அது பிறவிக் குணம். குறைவதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தானே?

நெவில் சிரித்தான். பிறகு சிரிப்பு மாதிரி இல்லாத ஒன்று வந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் கால்னு நெனச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மேசைக்கு அடியில தரைய மிதிச்சுக்கிட்டே இருந்தியே. நான் என்ன குருடியா?"

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?" என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

ஸ்க்ரூடிரைவரையும் ஒரு ரப்பர்க் குழாயையும் எடுத்து வந்தான். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, இரண்டு கார்புரேட்டரின் மூச்சையும் மாறி மாறிக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். முள் தொள்ளாயிரத்துக்கு ஏறியது. மிதிக்கச் சொன்னான். சற்றுத் தாழ்ந்தது, அங்கேயே நின்றது. "எறங்கு" என்றான். இறங்கினேன். அவன் உட்கார்ந்து தன் இடது காலால் மிதித்தான். தாழ்ந்தது, நின்றது.

அப்போதுதான் பிளெங்கின் வந்து சேர்ந்தார். ட்வீட் தொப்பி, மெருகேற்றிய காலணி, நல்ல மனிதர். காரைச் சுற்றி வந்து, "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. ஒரு ரவுண்டு நான் ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

நெவில் இருக்கையைவிட்டு அசையவில்லை.

"அந்தப் பக்கம் ஏறுங்க," என்றான். "நான் ஓட்டறேன்."

பிளெங்கின் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? கதவைத் திறந்துவிட்டேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

கார் தெருவில் இறங்கிப்போய் வளைவில் மறைந்தது. நான் கேட்டருகே நின்று காதைக் கொடுத்தேன். பெரிய சாலை வந்துவிட்டது, நின்றுவிட்டான். என்ஜின் சத்தம் தாழ்ந்தது. இரும்புக் கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். லாரி ஒன்று கடந்துபோகும் இரைச்சல், அதற்கு அடியில் அந்தத் தாழ்ந்த சத்தம், விடாமல். பிறகு முதல் கியர். இரண்டு. இடப்பக்கம் திரும்பினால் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். சத்தம் வலப்பக்கம், மலைப்பக்கம் போயிற்று.

வெகுநேரம் கழித்து, மேலே கல்சுவர்களுக்கு இடையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. கூரை மடக்கியிருந்தது. பிளெங்கின் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெவில் தலையைத் திருப்பித் திருப்பி அவரிடம் ஏதோ பேசிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தான்.