தலைவரின் முன்சக்கரம்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் சங்கத்தின் தலைவருக்கு வீட்டிலும் அதே பட்டம்தான். "தலைவரே, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்க" என்றுதான் மனைவி சொல்வாள். அதிலிருந்த கிண்டல் அவருக்கு எட்டியதில்லை. மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

சங்கத்துக்கு அவர் போட்ட விதி ஒன்று உண்டு. சக்கரத்தின் ரிம், கம்பி, நடுவிலிருக்கும் ஹப் மூன்றும் ஒரே வண்டியோடு வந்த, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். கண்ட இடத்தில் வாங்கிச் சேர்த்துக் கோத்த சக்கரத்துக்குச் சங்கத்தின் வருடாந்திர ஊர்வலத்தில் இடமில்லை. போன வருஷம் அந்த விதிக்கு முதல் பலி அவருடைய சொந்த மச்சினன். ஹப்போடு சேர்ந்த பிரேக் டிரம் விரிசல் விட்டதால் வேறொரு சின்ன ஹப்பும் அதற்கென்று ஒரு ரிம்மும் போட்டிருந்தான். "உறவு வேற, கொள்கை வேற" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். கைதட்டல் கிடைத்தது. அன்றோடு மச்சினன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அக்காவும் தம்பியும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த வருஷ ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை. தலைவர் வண்டிதான் முன்னால் போகும். வெள்ளிக்கிழமை முன்சக்கரத்தைக் கழுவியபோது, விரல் நுழைகிற அளவுக்கு ரிம்மைத் துரு தின்றிருந்தது.

காதும் காதும் வைத்தாற்போல் புது ரிம்மும் கம்பிகளும் வாங்கி வந்தார். ஹப்பில் முப்பத்தாறு ஓட்டை, ரிம்மிலும் முப்பத்தாறு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே கோக்க உட்கார்ந்தார். கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில், தூங்கி எழுந்து கழுத்து பிடித்துக்கொண்டவன் போல் வளைந்து நின்றன. விடாமல் முறுக்கினார். ஒன்று படக்கென்று ஒடிந்தது.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. எண்ணிக்கை பொருந்தியது, சாய்வு பொருந்தவில்லை. அந்த ரிம்மின் ஓட்டைகள் சின்ன ஹப்பைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அவருடைய டிரம் ஹப்போ சாப்பாட்டுத் தட்டு அகலம். இதனால்தான் மச்சினனும் ஹப்போடு ரிம்மையும் சேர்த்தே மாற்றியிருக்கிறான். போன வருஷம் அதைச் சொல்ல அவன் வாயெடுத்தபோது தலைவர் மேஜை மணியை அடித்து அடக்கிவிட்டார்.

"என்ன தலைவரே சத்தம்?" கதவுக்கு வெளியே மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு திட்டு? தம்பியோட பழைய ரிம் அவன் வீட்டுச் சுவத்துலதான் தொங்குது. அவன் பழைய ஹப்பும் உங்களோடதும் ஒரே அளவு, உங்க ஹப்புக்கு அதான் சேரும்."

"அவன் ரிம்ம என் ஹப்புல கோத்தா, நான் போட்ட விதி என்னாகிறது?"

"அப்ப அந்த விதி மேல ஏறி ஓட்டிட்டுப் போங்க."

மறுநாள் மச்சினன் வீட்டு வாசலில் ஹப்பை இடுப்பில் வைத்த பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அத்தான். சங்க வேலையா, சொந்த வேலையா?"

"சொந்த வேலைதான் மாப்ளே."

அவன் அவரை உள்ளே அழைத்துப் போனான். ஆணியிலிருந்து ரிம்மைக் கழற்றித் தூசி தட்டினான். தலைவர் பிடித்துக்கொள்ள, அவன் கோத்தான். கம்பிகள் நேராகப் போய் உட்கார்ந்தன. சுற்றிவிட்டபோது சக்கரம் அங்கே இங்கே ஆடாமல் சுழன்றது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நசுங்கலைப் பாத்தீங்களா?" ரிம்மின் ஓரத்தைத் தொட்டான். "இது என்னோடதுன்னு சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். கேட்டா என்ன சொல்லுவீங்க?"

தலைவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீடு திரும்பும் வழியில் மூன்று பொய்களைத் தயார் செய்தார். மூன்றாவது நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கப்படி தலைவர் வண்டிக்குத்தான் முதல் சோதனை. பக்கத்தில் தன் வண்டியோடு நின்ற செயலாளர் குனிந்தார், நசுங்கலைப் பார்த்தார், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். தலைவர் மைக்கை வாங்கினார். மூன்றாவது பொய் தொண்டை வரை வந்தது.

"ரிம் என் மச்சினனோடது. ஹப் என்னோடது. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க இல்ல, ஆனா ஒத்துப் போகுது. போன வருஷம் இதைச் சொல்ல வந்தவனை நான் பேச விடல. அதனால இன்னிக்கு நான் கடைசியில வரேன்."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் தத்தம் முன்சக்கரத்தைக் காலால் மறைத்துக்கொண்டு நின்ற ஏழெட்டுப் பேர் மெதுவாகக் காலை நகர்த்திக்கொண்டார்கள். செயலாளரும்.

தலைவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போனார். அங்கே, அழைக்காமலே வந்து, மச்சினன் நின்றிருந்தான்.

"கடைசி இடம் எனக்கு அத்தான். நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்க. ஒருத்தனுக்காவது தலைவரா இருக்க வேணாமா?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.