ஏழாவது தடவை

தங்கப்பொண்ணுக்கு அன்று ஏழாவது எண்டோஸ்கோபி. காலையிலிருந்து பச்சைத்தண்ணி கூடக் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுவும் பழகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்க நர்ஸ் வந்தபோது, கேட்காமலே கையை நீட்டினாள். பார்க்க மாட்டாமல் அம்மா நாகஜோதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், கோச்சடை வீட்டில், குடிக்கிற கலர் பாட்டிலில் இருந்த கக்கூஸ் ஆசிட்டைப் பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். உணவுக்குழாய் வெந்துபோனது. புண் ஆற ஆறச் சுருங்கி, வழி அடைத்துக்கொண்டே வந்தது. மாதாமாதம் வாய்வழியே கேமராக் குழாயை விட்டு டாக்டர் அதை விரித்துவிடுவார். கொஞ்ச நாள் கஞ்சி இறங்கும். அப்புறம் குடித்த பாலும் திரும்பி வந்துவிடும்.

அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் நாகஜோதியின் நாத்தனார் சரண்யாதேவி. "அந்தப் பாட்டில் எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுண்ணே" என்று அழுதாள். நாகஜோதியின் புருஷன் வீரணன், தங்கையென்றும் பாராமல் அவளைக் கன்னத்தில் அறைந்தான். மேலூருக்குப் பஸ் ஏறிப் போனவள்தான், இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

தான் கூட்டிப் பெருக்கும் ஆபீஸிலிருந்து ஆசிட்டை அந்தப் பாட்டிலில் ஊற்றி வந்து அடுப்புத்திட்டுக்குக் கீழே வைத்தவள் நாகஜோதி. அன்றைக்கு வாய் வரவில்லை. நாள் போகப்போகச் சொல்லவே முடியாமல் ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணிவாக்கில் டாக்டர் ஆன்சி வெளியே வந்தார்.

"இந்தத் தடவை விரியலைங்க. இதுக்கு மேல அழுத்தினா குழாய் கிழிஞ்சிரும். நாளைக்கு வயித்துல துளை போட்டு டியூப் வச்சிரலாம். இனி சாப்பாடு அது வழியாத்தான். உடம்பு தேறினதும் பெரிய ஆபரேஷன் பண்ணணும்."

டாக்டர் உள்ளே போனதும் வீரணன் தலையில் அடித்துக்கொண்டான். "கூடப் பொறந்தவளே எம் பிள்ளையக் கொன்னுட்டாளே! அவ நல்லா இருப்பாளா?"

"அவ இல்லைங்க" என்றாள் நாகஜோதி. "நாந்தான். ஆபீஸ்லருந்து நாந்தான் ஊத்தியாந்து வச்சேன்."

அடிப்பான் என்று நின்றாள். அவன் அடிக்கவில்லை.

"எட்டு மாசமாவா?" என்று மட்டும் கேட்டான்.

போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. டியூப் வைக்கச் சம்மதம் கேட்டு நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். "மேலூர் போறேன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நாகஜோதியின் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் பிள்ளைக்கு நன்றாகத் தெளிந்தது. கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

"பசிக்குதும்மா."

"நாளைக்குத் தாயி."

"அத்தை வருமா?"

"தெரியல தாயி" என்றாள் நாகஜோதி.